பரணில் தூங்கும் மெஷின்



இந்த இதழில் இலக்கியம் எழுதுவோர் உண்டு. கோயில் கொடையைப் பற்றி எழுதுவோர் உண்டு. பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பை நினைத்துக் கவலையோடு எழுதுவோரும் உண்டு. அடியேன் இம்முறை குறட்டையைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டியவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கவும். ஏனென்றால், எனக்குத் தெரிந்தே நம்மவர் மூன்று வீடுகளில், பரணில், கொலுப் படிகளுக்கும் உடைந்த மின்விசிறிக்கும் நடுவே, பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய மெஷின் ஒன்று தூங்கிக் கொண்டிருந்தது. அதில் ஒரு வீடு என்னுடையது.

மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த எனக்கு மலையாளம் சரளம்தான். ஆயினும் உடம்புக்கு ஒன்று என்றால் வாயில் தமிழ்தான் முந்திக்கொண்டு வருகிறது. நான்கு வருடங்களுக்கு முன் எர்ணாகுளத்தில் ஒரு டாக்டரிடம் போய், "தூக்கத்தில்தான் பிரச்சினை, டாக்டர்" என்றேன். அவர் உடனே என்னை எடை மெஷினில் ஏறச் சொன்னார். மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை அல்லவா! நான் விழிப்பதைப் பார்த்து என் மனைவி, "உறக்கம் டாக்டர், உறக்கம்" என்று திருத்தினாள். அவர் சிரித்துவிட்டு, "இரண்டும் ஒன்றுதான் அங்கிளே. தூக்கம் கூடினால் உறக்கம் கெடும்" என்றார். இரண்டு மொழிக்காரர்களும் சேர்ந்து சிரித்தோம்.

ஆனால் அடுத்து என் மனைவி சொன்னதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. "இவர் குறட்டை விடுவது எனக்குப் பழகிப்போச்சு டாக்டர். குறட்டை திடீரென்று நிற்கும் பாருங்கள், அப்போதுதான் பயம். மூச்சு வருதா என்று மூக்கில் கை வைத்துப் பார்ப்பேன்" என்றாள். முப்பது வருடம் பக்கத்தில் படுத்தவள் அதுவரை என்னிடம் அதைச் சொன்னதே இல்லை.

அப்போது எனக்கு என் தகப்பனார் நினைவுக்கு வந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிட்டங்கிக்குக் கணக்கெழுத வந்தவர். அவருடைய குறட்டை எங்கள் லைனில் பிரசித்தம். "கும்பகர்ணன்" என்று என் அம்மாவே கேலி செய்வாள். பகலில் பேரேட்டின் மேலேயே தலை சாய்ந்து விடுவார். முதலாளியிடம் திட்டு வாங்காத வாரம் இல்லை. 57 வயதில் ஒரு நாள் விடியற்காலை அவர் எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், "புண்ணியம் செய்தவர், தூக்கத்திலேயே போய்விட்டார்" என்றார்கள். அவருக்கு இந்த நோய் இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் குறட்டையை நல்ல தூக்கத்தின் அடையாளம் என்றும், தூக்கத்தில் போவதைப் பாக்கியம் என்றும் எண்ணும் நம் வழக்கத்தை அன்று முதல் நான் சந்தேகிக்கத் தொடங்கினேன்.

நோய் இதுதான். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை மூச்சுப் பாதையையே அடைத்து விடுகின்றன. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு நம்மைத் தட்டி எழுப்புகிறது. ஒரு பெரிய செருமலோடு மூச்சு திரும்புகிறது. காலையில் நமக்கு இது எதுவுமே ஞாபகம் இருக்காது. இப்படி மூச்சு தடைபடுவது மணிக்கு 5 முதல் 15 முறை வரை என்றால் லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் கடுமையானது. ஆங்கிலத்தில் ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். எனக்கு வந்த கணக்கு 38. அதாவது, எட்டு மணி நேரத் தூக்கத்தில் சுமார் முந்நூறு தடவை!

இது மேல்நாட்டு வியாதி என்று ஒதுக்க வேண்டாம். மும்பையில் 35 முதல் 65 வயதுள்ள ஆண்களிடம் நடத்தி 2004ல் வெளியான ஆய்வில், பகல் தூக்கத்தோடு கூடிய இந்த நோய் நூற்றுக்கு ஏழரைப் பேருக்கு இருப்பதாகக் கண்டார்கள். இதைக் கவனிக்காமல் விட்டவர்களிடம் ரத்த அழுத்தம், பக்கவாதம், இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவை அதிகம் காணப்படுகின்றன. வாகன விபத்துகளும் அப்படியே. இந்தித் திரையிசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மறைந்தபோது, மருத்துவமனை சொன்ன காரணம் இந்த நோய்தான்.

வைத்தியம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன் 1980ல் அதைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் கடுமையான நோயாளிக்குத் தொண்டையில் துளை போடுவதுதான் வழி. சல்லிவன் ஒரு மோட்டாரை எடுத்து, மூக்கு வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் இடைவிடாமல் செலுத்தினார். உள்ளே போகும் காற்றே தொண்டையை மூடவிடாமல் முட்டுக் கொடுத்தது. 1981ல் லான்செட் பத்திரிகையில் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதுதான் இன்று சிபாப் என்னும் மெஷின். அழுத்தம் பெரிதல்ல. எனக்கு வைத்திருப்பது 11 சென்டிமீட்டர் நீர் அழுத்தம். அதாவது, தண்ணீருக்குள் ஸ்டிராவை 11 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதினால் குமிழி வருவதற்கு எவ்வளவு வேகம் வேண்டுமோ, அவ்வளவே.

இங்கே ஒரு விஷயத்தை அன்பர்கள் கவனிக்க வேண்டும். ஆரம்பகால நோயாளிகளுக்கு மாஸ்க் எப்படிச் செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொருவர் மூக்கையும் மாவுக்கட்டுப் பொடியில் அச்செடுத்து, அந்த அச்சுக்கு ஏற்பத் தனித்தனியாகச் செய்தார்கள். இரவு தோறும் பசை போட்டு ஒட்டினார்கள். சிரமம்தான். ஆனால் ஒருவர் மாஸ்க் அவருடைய முகத்துக்கென்றே செய்யப்பட்டது. இன்று பசை போய்விட்டது, மென்மையான சிலிகான் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் அளவெடுப்பதும் அதோடு சேர்ந்து போய்விட்டது. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று பாக்கெட்டுக்குள் எல்லா முகங்களும் அடங்கிவிட வேண்டும் என்கிறார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். மெஷின் வாங்கிய கடையில், என் முகத்தை மேசைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மீடியம்" என்றார்கள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க். பாக்கெட்டைப் பிரித்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பில்லிலேயே அச்சடித்திருந்தது. வீட்டில் மாட்டினேன். என் பேத்தி, "தாத்தாவுக்குத் தும்பிக்கை!" என்று கத்திவிட்டு ஓடினாள். அது போகட்டும். இரவு இரண்டு மணிக்கு மேல்பக்க ஓரம் வழியாகக் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. வாரை இழுத்துக் கட்டினேன். மறுபக்கம் கசிந்தது. இன்னும் இழுத்தேன். ஒரு வாரத்தில் மூக்குத்தண்டில் புண். அந்தப் புண்ணின் மேல் பஞ்சு வைத்தேன். பஞ்சின் வழியாகக் கசிந்தது. பதினெட்டாவது நாள் மெஷினைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

ஒத்துக்கொள்ளாதது மெஷின் அல்ல, அந்த மாஸ்க்தான் என்று எனக்குத் தெரிய எட்டு மாதம் ஆயிற்று. அதற்குக் காரணம் பள்ளுருத்தியில் இருக்கும் என் நண்பர். அவரும் பரண்காரர். தீபாவளிக்குக் குடும்பத்தோடு காரில் ஊருக்குப் போனார். நம்மில் பலர் போகும் வழிதான்: புனலூர், ஆரியங்காவு, செங்கோட்டை. பகல் நெரிசலுக்குப் பயந்து இரவில் புறப்படுவது நம் வழக்கம். தென்மலை தாண்டி ஒரு வளைவில் அவருக்குக் கண் அசந்துவிட்டது. பக்கத்து இருக்கையிலிருந்த மகள் போட்ட சத்தத்தில் பிரேக்கை மிதித்தார். வண்டியின் முன்சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி நின்றது. "அண்ணாச்சி, அன்னைக்கு அவ தூங்கியிருந்தா நாலு பேரும் இல்லை" என்று அவர் சொன்ன அன்று மாலையே நாங்கள் இருவரும் பரணில் ஏணி வைத்தோம்.

இந்த முறை கடைக்குப் போகவில்லை. தூக்கப் பரிசோதனை செய்யும் ஒரு கூடத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண் முதலில் ஓர் அளவுத் தாளை என் மூக்கின் மேல் வைத்து அகலம் பார்த்தாள். பிறகு என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, மெஷினை ஓடவிட்டு, அதன் பிறகுதான் மாஸ்க்கை மாட்டினாள். அதுதான் ரகசியம். உட்கார்ந்திருக்கும்போது முகம் ஒரு வடிவம். படுத்தால் கன்னம் சரிந்து வேறு வடிவம். காற்று ஓடும்போதுதான் மாஸ்க்கின் விளிம்பு பலூன் மாதிரி உப்பி முகத்தில் படியும். நான் வாரை இழுத்துக் கட்டி அந்த விளிம்பை நசுக்கி வைத்திருந்தேன். "அங்கிளே, இது மூட்டை கட்டும் கயிறு இல்லை. இரண்டு விரல் போகிற மாதிரி இருந்தால் போதும்" என்றாள்.

மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்கை வைத்தாள். மேலுதட்டில் கசிந்தது. குற்றவாளி என் மீசை! திருநெல்வேலிச் சீமை மீசை. அதன் மேல் எந்தச் சிலிகான் படியும்? "மீசையா, மாஸ்க்கா, நீங்களே சொல்லுங்கள்" என்றாள். நான் தயங்குவதைப் பார்த்து, நாசித் துவாரங்களில் மட்டும் மெத்தென்று பொருந்தும் சின்னஞ்சிறு வகை ஒன்றை எடுத்தாள். நாலாவதாகப் போட்டது அது. கசியவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். முகத்தில் ஏதோ இருக்கிறது என்பதே மறந்து, கட்டிலிலேயே தூங்கிவிட்டேன். மீசையும் பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

எல்லோருக்கும் இந்த வகைதான் சரி என்று நான் சொல்லவில்லை. முதலில் மூக்கு வழி மாஸ்க்கைத்தான் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. மூக்கடைப்பு உள்ளவர்களுக்கும் வாயைத் திறந்தே தூங்குபவர்களுக்கும் வேறு வகை தேவைப்படலாம். எங்கள் உறவில் ஓர் அத்தைக்கு மூக்குத்தியைக் கழற்ற மனமில்லை. மூக்குத்தி உள்ளே அடங்கி, அதைச் சுற்றிப் படியும் மாஸ்க் அவர்களுக்குக் கிடைத்தது. பெண்கள் குறட்டை விடுவதைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு அவர்களுக்கும் இந்த நோய் கூடுகிறது என்பதை வீட்டார் அறிய வேண்டும்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். மாஸ்க் என்பது பாக்கெட்டில் விற்கும் பிஸ்கட் அல்ல. ஜாக்கெட் தைக்க அளவெடுக்காமல் எந்தத் தையற்காரரும் துணியை வெட்டுவதில்லை. கண்ணாடிக் கடையில் பத்து பிரேமைப் போட்டுப் பார்க்காமல் நாம் எழுந்து வருவதில்லை. செருப்பைக்கூடக் காலில் போட்டு நாலடி நடந்து பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆயுள் உள்ளவரை ஒவ்வோர் இரவும் முகத்தில் அணிய வேண்டிய ஒன்றை மட்டும் போட்டுப் பார்க்காமல் வாங்கு என்பது என்ன நியாயம்?

"சுகாதாரம் ஐயா, ஒருவர் போட்டதை இன்னொருவருக்கு எப்படி விற்பது?" என்று கடைக்காரர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் பரிசோதனைக் கூடங்களில் மாதிரி மாஸ்க்குகளைக் கழுவிக் கிருமி நீக்கித்தான் போட்டுக் காட்டுகிறார்கள். விற்பவரும் அப்படி நாலைந்து மாதிரிகளை வைத்திருக்கலாம். தவிர, ஒரே பாக்கெட்டில் மூன்று அளவு மெத்தைகள் போட்டு வரும் மாஸ்க்குகளும் உண்டு. அமெரிக்காவில் பொருந்தாத மாஸ்க்கை 30 நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைத் தயாரிப்பாளர்களே செய்திருக்கிறார்கள். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? கேட்பவர் இல்லை, அவ்வளவுதான். ஆகவே மெஷின் வாங்கப் போகும் நம்மவர்கள் மூன்று கேள்வி கேட்க வேண்டும். படுத்துக்கொண்டு, காற்றை ஓடவிட்டு, கால் மணி நேரம் போட்டுப் பார்க்க விடுவீர்களா? பல அளவு மெத்தைகள் உள்ள பாக்கெட் உண்டா? பொருந்தாவிட்டால் மாற்றித் தருவதாக எழுதித் தருவீர்களா? மூன்றுக்கும் "இல்லை" என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

"மெஷினால் பெரிய பலனில்லை என்று ஆராய்ச்சியே சொல்லிவிட்டதாமே" என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். அவர் சொன்னது 2016ல் வெளியான பெரிய ஆய்வு. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2700க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தியது. மெஷினால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை என்பது உண்மைதான். ஆனால் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது: அவர்கள் சராசரியாக ஓர் இரவுக்கு மாஸ்க் போட்டிருந்தது 3.3 மணி நேரம் மட்டுமே! முழு இரவும் போட்டிருந்தால் இதயம் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் கழற்றி வைத்த மாஸ்க் யாருக்கும் மூச்சுக் கொடுக்காது. எடை மிகுந்தவர்களுக்கு இந்த நோய்க்கென ஊசி மருந்து ஒன்றை அமெரிக்கா 2024 டிசம்பரில் அங்கீகரித்தது. அதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். லேசான நோய் என்றால் பல் டாக்டர் செய்து தரும் கருவியும் உண்டு. ஆனால் டாக்டர் மெஷின்தான் என்று சொல்லிவிட்டால், மாஸ்க்கே பாதி வைத்தியம்.

கடைக்காரர் தலையில் மட்டும் பழியைப் போடுவதும் சரியல்ல. நம் பக்கமும் தவறு உண்டு. மாஸ்க்கில் சிறு துளைகள் இருக்கும். அவற்றின் வழியாக வந்த காற்று என் மனைவியின் கழுத்தில் பட்டு அவளுக்குக் குளிர்ந்தது. நான் செல்லோடேப் ஒட்டப் பார்த்தேன். நல்ல வேளை, அந்தப் பெண்ணிடம் போனில் கேட்டேன். "ஐயோ அங்கிளே! நீங்கள் வெளிவிடும் கெட்ட காற்று போகிற வழி அது" என்று அலறினாள். முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் மாஸ்க் வழுக்கும். ஆகவே படுக்குமுன் முகம் கழுவ வேண்டும், மெத்தையைத் தினமும் லேசான சோப்பில் அலச வேண்டும். முதல் வாரம் பகலில் டி.வி. பார்க்கும்போதே போட்டுப் பழகலாம். ஏ.சி. அறையில் குழாய்க்குள் நீர் கோத்துக்கொண்டால் குழாய்க்கு ஓர் உறை போட்டால் போதும். மழைக்காலத்தில் நம் பக்கத்துக் கரண்ட் போவதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்வெர்ட்டரில் அந்தப் பிளக்கையும் சேர்த்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய பழைய மெஷின் என்றால் இன்னொரு எச்சரிக்கை. பிலிப்ஸ் நிறுவனம் தன் மெஷின்களில் பலவற்றை, உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு சிதையக்கூடும் என்பதால், 2021 ஜூனில் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. எண்ணைச் சரிபார்க்காமல் அப்படிப்பட்டதை மாட்ட வேண்டாம். சில மாஸ்க்குகளின் வாரில் காந்தக் கொக்கி இருக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும், அவர்கள் பக்கத்தில் படுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மருத்துவ முகாமில் சர்க்கரை பார்க்கிறோம், பிரஷர் பார்க்கிறோம். அங்கே ஒரு மூலையில் இரண்டு நாற்காலி போட்டு, "இவர் குறட்டை நடுவில் நிற்கிறதா?" என்று ஆணிடம் அல்ல, பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள். மெஷின் வைத்திருந்தும் பயன்படுத்தாதவர்களை வரச் சொல்லுங்கள். மாஸ்க் பொருத்தத் தெரிந்த ஒருவரை ஒரு மணி நேரம் அழைத்து வாருங்கள். நாடகத்துக்குப் பந்தல் போடும் நமக்கு இது பெரிய செலவல்ல.

என் நண்பருக்குச் சின்ன அளவு மாஸ்க் பொருந்தியது. கடையில் அவருக்கு விற்றது பெரியது. அவர் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறார். நேற்று ஐந்து மணி நேரம் போட்டாராம். ஊருக்கு இப்போது ரயிலில் போகிறார்.

என் வீட்டில் இப்போது குறட்டை இல்லை. முதல் ஒரு வாரம் அந்த நிசப்தத்தில் என் மனைவிக்குத் தூக்கம் வரவில்லை. பழைய பழக்கத்தில் நடுராத்திரி எழுந்து என் மூக்கருகே கை வைத்துப் பார்த்திருக்கிறாள். கையில் காற்று பட்டதும் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். என் அம்மாவுக்கு அப்படிக் கை வைத்துப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்பர்களே, இன்றிரவு உங்கள் வீட்டில் குறட்டை நின்றால் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். பரணில் மெஷின் இருந்தால் நாளைக்கே ஏணியை வையுங்கள்.